மூப்பின் மேல் போடும் பழி

ஒரு குதிரை இருபது வயதைத் தாண்டியதும் மெலியத் தொடங்குகிறது. விலா எலும்புகள் தெரிகின்றன, முதுகுத்தண்டு மேடுதட்டி நிற்கிறது, வயிறு மட்டும் தொங்குகிறது. வளர்ப்பவரைக் கேட்டால், "வயசாயிடுச்சுங்க, இனி இப்படித்தான்" என்பார். அவர் இரக்கமற்றவர் அல்லர். பல ஆண்டுகள் அதற்குக் கொள்ளு அவித்துப் போட்டவர், தான் மழையில் நனைந்தாலும் அதை லாயத்துக்குள் கட்டியவர். ஆனாலும் அந்தப் பதிலோடு விசாரிப்பு நின்றுவிடுகிறது. முதிய குதிரை படும் பாட்டில் பெரும்பகுதி மூப்பினால் வருவதல்ல. மூப்பு என்று சொல்லிப் பார்க்காமல் விட்ட பல்லாலும் குளம்பாலும் சுரப்பியாலும் ஒட்டுண்ணியாலும் வருவது. மூப்பை யாராலும் நிறுத்த முடியாது. இவற்றையோ கண்டுபிடிக்க முடியும், பலவற்றைக் குறைக்க முடியும், சிலவற்றை அடியோடு தீர்க்கவும் முடியும்.

வயதுக் கணக்கிலேயே முதல் பிழை நேர்கிறது. ஒழுங்கான பராமரிப்பில் ஒரு குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வாழும். மட்டக் குதிரைகள் அதையும் கடப்பதுண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் கால்வாய்ப் படகுகளை இழுத்த 'ஓல்ட் பில்லி' என்ற குதிரை 1760இல் பிறந்து 1822இல் தன் 62ஆவது வயதில் இறந்தது. அதன் மண்டையோடு மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது அபூர்வமான ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். பதினைந்து வயதில் 'கிழடு' என்று ஒதுக்கப்படும் குதிரைக்கு முன்னால் இன்னும் பத்து ஆண்டுகள் இருக்கலாம் என்பது அபூர்வமல்ல, சாதாரணக் கணக்கு. பிரிட்டனில் லிவர்பூல் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட 200 குதிரைகளை நேரில் பரிசோதித்து, அவற்றை வளர்ப்பவர்கள் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குதிரைகளுக்குப் பல் கோளாறு இருந்தது. வளர்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரிந்திருக்கவில்லை. கால் நொண்டலும் குளம்புக் குறைபாடும்கூட அவர்கள் சொன்னதைவிட மிக அதிகம். வசதியும் மருத்துவமும் கைக்கெட்டும் நாட்டில், குதிரையை உயிராக நேசிப்பவர்களிடமே இந்த நிலை. ஆகவே இது அன்புக் குறைவல்ல. தினமும் பார்க்கிற உடம்பில் மெல்ல வரும் மாற்றம் கண்ணுக்குப் படுவதில்லை. அதோடு, வேட்டை விலங்குகளுக்குத் தப்பி வாழ்ந்த இனம் என்பதால் குதிரை தன் வலியை வெளிக்காட்டாமல் மறைக்கும் பழக்கம் உடையது. அது நொண்டிக் காட்டும்போது வலி முற்றியிருக்கிறது என்று பொருள்.

பல்லிலிருந்து தொடங்குவதுதான் முறை. மற்றதெல்லாம் அதன்வழியே வருவது. ஐந்து வயதுக் குதிரையின் கடைவாய்ப் பல் ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதில் வெளியே தெரிவது கொஞ்சம். மிச்சம் தாடைக்குள் புதைந்திருக்கிறது. புல்லிலுள்ள சிலிக்காவும் அதோடு வரும் மண்ணும் பல்லைத் தேய்க்கத் தேய்க்க, ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வீதம் அது உள்ளிருந்து மேலே வருகிறது. புதிதாக வளர்வதில்லை, உள்ளே இருப்பதுதான் வருகிறது. கடினமான எனாமலும் அதைவிட மென்மையான டென்டினும் மடிப்பு மடிப்பாகக் கலந்திருப்பதால், தேய்ந்தாலும் மேற்பரப்பு சொரசொரப்பாகவே இருந்து நாரை அரைத்துக் கொடுக்கிறது. இருபதுகளின் பிற்பாதியில் அந்த எனாமல் மடிப்புகள் தீர்ந்துபோகும். அப்போது பல் கொத்தாத அம்மியாகிவிடுகிறது. அம்மியையாவது திரும்பக் கொத்திக்கொள்ளலாம். பல்லுக்கு அந்த வழி இல்லை. இதற்கு முன்பே வேறொரு சிக்கலும் உண்டு. குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேல்பல்லின் வெளி ஓரமும் கீழ்ப்பல்லின் உள் ஓரமும் தேயாமல் கத்திபோல் கூராகி, கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கின்றன. ஒரு பல் விழுந்துவிட்டால் எதிர்ப்பக்கப் பல் உராய ஆளில்லாமல் நீண்டு, வெற்றிடத்துக்குள் இறங்கி, தாடை அசைவதையே தடுக்கிறது.

நம் ஊரில் குதிரையின் வாயைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் விழாவில் கூடும் குதிரைச் சந்தையில் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்க்காமல் யாரும் விலை பேச மாட்டார்கள். மேல்தாடை ஓரப் பல்லில் பத்து வயதளவில் தோன்றும் ஒரு நீளப் பள்ளம், இருபதில் பல்லின் முழு நீளத்துக்கும் இறங்கி, பிறகு மேலிருந்து மறையத் தொடங்கி, முப்பதளவில் காணாமல் போகும் என்று மருத்துவப் பாடம் சொல்கிறது. அந்தப் பாடத்தைப் படிக்காதவர்களும் அனுபவத்தில் வயதை ஓரளவு சரியாகவே சொல்லிவிடுவார்கள். குறை என்னவென்றால், விலைக்காக ஒருமுறை பார்த்த வாயை வைத்தியத்துக்காக மறுமுறை யாரும் பார்ப்பதில்லை. மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்புவது, தலையைச் சாய்த்து மெல்லுவது, வாயிலிருந்து கெட்ட நாற்றம் வருவது, லத்தியில் நீளமான தண்டுகளும் உடையாத கொள்ளும் கிடப்பது, ஒரு நாசித்துளையிலிருந்து மட்டும் சீழ் வடிவது ஆகியவை பல் கெட்டதன் அறிகுறிகள். பதினைந்து வயதுக்கு மேல் ஆண்டுக்கு இரண்டு முறையாவது கால்நடை மருத்துவர் வாயைத் திறப்பான் வைத்து விளக்கடித்துப் பார்த்து, கூரான ஓரங்களை அரத்தால் ராவிவிட வேண்டும். ஆடும் பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். முதிய பல்லை அதிகம் ராவவும் கூடாது. மிச்சமிருக்கும் அரைக்கும் பரப்பும் அதோடு போய்விடும். ஆகையால் இது அரம் வைத்திருக்கும் எவரும் செய்யக்கூடிய வேலையல்ல.

பல் பெரும்பகுதி போய்விட்டால், தீனியை வாய்க்கு வெளியிலேயே அரைத்துக் கொடுப்பது நம் பொறுப்பாகிறது. குதிரை மாட்டைப் போல அசைபோடும் விலங்கல்ல. அதன் இரைப்பை சிறியது. நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் பெருங்குடல் பகுதியில் வாழ்கின்றன. வாயில் அரைபடாத தண்டு அங்கே போய்ச் சேர்ந்தால் செரிக்காமல் அடைத்துக்கொள்ளும். உணவுக்குழாயிலேயே அடைப்பதும் உண்டு. இரண்டுமே உயிராபத்து. எனவே நீள வைக்கோலை நிறுத்திவிட்டு, பொடியாக நறுக்கிய பசும்புல், உலர்த்தித் தூளாக்கி ஊறவைத்த குதிரைமசால், குழைய அவித்து மசித்த கொள்ளு ஆகியவற்றைக் கூழ்ப் பதத்தில் நாளைக்கு நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் கணக்கிட்டால் உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் தீனி தேவை. 300 கிலோ மட்டக் குதிரைக்கு இது நான்கரை முதல் ஆறு கிலோ. எடை கூடாவிட்டால் தாவர எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சேர்க்கலாம். இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. மெலிந்த குதிரைக்குத் தவிட்டை அள்ளிப் போடுவது பரவலான வழக்கம். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அத்துடன், நீலகிரியில் எங்கும் படர்ந்திருக்கும் கிகூயு புல்லிலும் சமவெளியில் தீவனமாக வளர்க்கும் கம்பு நேப்பியரிலும் உள்ள ஆக்சலேட், உணவிலுள்ள கால்சியத்தைக் கட்டிப்போடுகிறது. இரண்டும் சேர்ந்தால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளத் தொடங்கும். முக எலும்பு வீங்கும். இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று நொண்டல் இடம் மாறும். அதையும் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். தவிட்டைக் குறைத்து, கால்சியம் நிறைந்த குதிரைமசாலைச் சேர்ப்பது இதற்குப் பெரும்பாலும் போதும். சிறுநீரகம் கெட்ட குதிரைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் அதைக் கூட்டக் கூடாது.

தீனி சேர்கிறதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வது ஏமாற்றும், குறிப்பாக ரோமம் அடர்ந்த குதிரையில். கையால் விலாவைத் தடவிப் பார்க்க வேண்டும். டெக்சாஸில் 1983இல் வகுக்கப்பட்ட உடல்நிலை அளவுகோல் ஒன்று முதல் ஒன்பது வரை போகிறது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமலும் கைக்கு எளிதில் தட்டுப்பட்டும் இருப்பது நடுநிலையான ஐந்து. தையற்காரரின் அளவு நாடா ஒன்று இருந்தால் எடையையும் கணக்கிடலாம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி எடுத்த அளவை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்டத்தின் முனை வரையுள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறத்தாழ எத்தனை கிலோ என்று கிடைக்கும். மார்புச் சுற்று 180 சென்டிமீட்டர், நீளம் 165 என்றால் எடை 450 கிலோ. மாதம் ஒருமுறை இதை எடுத்துச் சுவரில் எழுதி வைத்தால், கண் தவறவிட்ட மெலிவை எண் காட்டிவிடும்.

மெலிவுக்குக் காரணம் வாயில் இல்லாவிட்டால் வேறிடத்தில் தேட வேண்டும். முதிய குதிரைகளுக்கே உரிய ஒரு நோய் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வருகிறது. அந்தச் சுரப்பியின் நடுப்பகுதியை அடக்கி வைக்கும் டோபமைன் நரம்பணுக்கள் வயதாக ஆக அழிகின்றன. கட்டுப்பாடு போனதும் சுரப்பி ஹார்மோன்களை வரம்பின்றிக் கொட்டுகிறது. உதிராமல் நீண்டு சுருளும் ரோமம், முதுகுத் தசை கரைந்து வயிறு தொங்குவது, அதிக தாகம், ஆறாத புண் எல்லாம் அதன் விளைவுகள். 'கிழட்டுக் குதிரை' என்றதும் நம் மனத்தில் எழும் உருவமே பெரும்பாலும் இந்த நோயின் உருவம்தான். ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட குதிரைகளில் ஐந்தில் ஒன்றுக்கு இது இருப்பது தெரியவந்தது. மனிதர்களின் பார்க்கின்சன் நோய்க்காக உருவான பெர்கோலைடு என்ற மருந்தை 2011இல் அமெரிக்கா இதற்கு அங்கீகரித்தது. அது நோயைக் குணமாக்காது, அடக்கி வைக்கும். இந்த நோயின் கொடிய முகம் குளம்பில் தெரிகிறது. குளம்பின் உட்சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் இணைக்கும் மெல்லிய தகடுகள் வீங்கி அறுபட, எலும்பு கீழே சாய்கிறது. குதிரை முன்னங்கால்களை நீட்டி, எடையைப் பின்னால் தள்ளி நிற்கும், குளம்பு சுடும், அதற்கு மேலுள்ள நாடி ஓங்கி அடிக்கும். இப்படிப்பட்ட குதிரைக்கு 'பாவம், மெலிந்துவிட்டது' என்று வெல்லமும் தானியமும் ஊட்டுவது நெருப்பில் எண்ணெய் விடுவதாகும். முதிய குதிரைக்கு எப்போதும் சத்தான தீனி என்ற பொது விதியே தவறு. எந்தக் குதிரைக்கு எது என்பது பரிசோதனைக்குப் பிறகு தெரிய வேண்டியது.

இந்தியாவில் இதோடு நினைவில் வைக்க வேண்டிய இன்னொன்று சர்ரா. குதிரை ஈக்கள் கடித்துப் பரப்பும் ஒட்டுண்ணி இது. 1880இல் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் இதைக் கண்டுபிடித்தார். விட்டு விட்டு வரும் காய்ச்சல், ரத்தசோகை, காலில் வீக்கம், நன்றாகத் தின்றும் தேறாத உடம்பு என்று வெளித்தோற்றத்தில் மூப்பைப் போலவே தெரியும். ஒரு துளி ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் பல நேரம் விடை கிடைத்துவிடும். மருந்தும் உண்டு. குடற்புழுவுக்கும் அப்படியே, நினைத்தபோது மருந்து புகட்டாமல் லத்தியைப் பரிசோதித்துவிட்டுக் கொடுப்பது நல்லது. ரணஜன்னித் தடுப்பூசியை வயதானது என்று நிறுத்திவிடக் கூடாது. குதிரையைப் போல அந்த நோய்க்கு எளிதில் பலியாகும் விலங்கு குறைவு.

வேலையிலிருந்து விடுவித்துவிட்டால் போதும், நிம்மதியாக நிற்கட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நினைப்பில் கருணை இருக்கிறது, உடற்கூறு இல்லை. மூட்டுத் தேய்ந்த குதிரை நாள் முழுக்க ஒரே இடத்தில் கட்டப்பட்டால் மூட்டு இறுகும், குடல் மந்தமாகும், மிச்சமிருக்கும் தசையும் கரையும். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருபது வயதைக் கடந்த பெண் குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வுகள், அளவான பயிற்சி அவற்றின் உடல்திறனைக் கூட்டுவதைக் காட்டின. அதே ஆய்வகம் இன்னொன்றையும் கண்டது. உடற்பயிற்சியின்போது முதிய குதிரையின் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்ட, இளம் குதிரைக்கு ஆகும் நேரத்தில் பாதியளவே ஆனது. அங்கே கண்டறிந்த இந்த உண்மை சித்திரை வெயிலில் மெரினா மணலில் சவாரிக்கு நிற்கும் குதிரைக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். விடியலிலும் அந்திக்குப் பிறகும் நடை, நடுப்பகலில் நிழல், நாளைக்கு 25 முதல் 50 லிட்டர் தண்ணீர், உப்புக்கட்டி, நீள ரோமம் இருந்தால் அதைக் கத்தரித்துவிடுவது எல்லாம் முதிய குதிரைக்கு மருந்துக்கு நிகரானவை. குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். மூட்டுவலிக் குதிரையால் காலை உயரத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது. லாடம் கட்டுபவர் தாழப் பிடித்து, இடைவெளி விட்டுச் செய்தால் அது முரண்டு பிடிக்காது. அடி வாங்கவும் நேராது.

தூக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அநேகமாக யாருடைய கவனத்துக்கும் வருவதில்லை. குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது பாதி உண்மை. கால் மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு அது கண்ணயர்கிறது; ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். நாளைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அந்த உறக்கம் தேவை. மூட்டுவலியால், படுத்தால் எழ முடியாது என்று பயப்படும் குதிரை வாரக்கணக்கில் படுக்காமல் இருந்துவிடும். பிறகு ஒரு கணம் ஆழ்ந்த உறக்கம் பிடித்து இழுக்க, முன்னங்கால் மடங்கித் தடுமாறி விழும். முன்னங்கால் மூட்டுகளின் முன்புறம் திரும்பத் திரும்பப் புண்ணாவதன் காரணம் பல சமயம் இதுதான். சிமெண்ட் தரையில் கட்டப்பட்ட குதிரையிடம் இதை அதிகம் எதிர்பார்க்கலாம். வைக்கோலோ மரத்தூளோ மணலோ கனமாகப் பரப்பிய, எழுந்திருக்கப் போதிய அகலமுள்ள இடமும், மருத்துவர் அளவு சொல்லிக் கொடுக்கும் வலிமருந்தும் இதைப் பெரும்பாலும் சரிசெய்யும்.

இவ்வளவும் பணக்காரர் வீட்டுக் குதிரைக்குச் சரி. சவாரிக் காசில் குடும்பம் நடத்துபவர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. இந்த ஆட்சேபத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் மேலே சொன்னவற்றைத் திரும்பப் பார்த்தால், புல்லை நறுக்குவதற்கும், ஊறவைப்பதற்கும், தவிட்டைக் குறைப்பதற்கும், நாடாவால் அளப்பதற்கும், மணல் பரப்புவதற்கும் ஆகும் செலவு பணத்தைவிட நேரத்தில்தான் அதிகம். பல் ராவுவதும் ரத்தப் பரிசோதனையும் தடுப்பூசியும் அரசுக் கால்நடை மருத்துவமனைகளின் கையில் உள்ளவை. வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பழைமையான நிறுவனம் இருக்கும் மாநிலம் இது. சுற்றுலாத் தலங்களில் குதிரைக்கு உரிமம் கொடுக்கும் உள்ளாட்சி அமைப்பு, உரிமம் புதுப்பிக்கும் நாளை வாய், குளம்புப் பரிசோதனை நாளாக ஆக்கினால் பாதி வேலை முடிந்துவிடும். வருமானம் இருக்கும் ஆண்டுகளில் ஒவ்வொரு சவாரியிலிருந்தும் சிறு தொகையைப் பொது நிதியாகச் சேர்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனையல்ல. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பந்தயத் துறையே ஓய்வுபெற்ற குதிரைகளுக்கான அமைப்புகளைத் தாங்குகிறது. குதிரையால் பணம் ஈட்டிய தொழில் குதிரையின் கடைசி ஆண்டுகளுக்கும் பொறுப்பேற்பதுதான் நேர்மை.

அவிழ்த்துவிட்டால் சுதந்திரமாகத் திரிந்து மேய்ந்துகொள்ளும் என்பது இன்னொரு வாதம். ஊட்டிச் சாலைகளிலும் குப்பைத் தொட்டிகளின் அருகிலும் நிற்கும் குதிரைகளைப் பார்த்தவர்கள் அந்தச் சுதந்திரம் எப்படிப்பட்டது என்று அறிவார்கள். பல்லில்லாத குதிரை மேய முடியாமல்தான் குப்பைக்கு வருகிறது. அங்கே மிச்ச உணவோடு நெகிழியையும் விழுங்கிக் குடலடைத்துச் சாகிறது, அல்லது இரவில் வண்டியில் அடிபடுகிறது. கூட்டத்தோடு விட்டாலும் வயதானது தன் நிலையிலிருந்து இறங்கிவிடுகிறது. இளம் குதிரைகள் அதைத் தீனியிலிருந்து விரட்டிவிடும். துணை வேண்டும், தீனி மட்டும் தனியே வேண்டும். சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவதையும், வயதாலோ நோயாலோ தகுதியிழந்த விலங்கை வேலை வாங்குவதையும் குற்றம் என்கிறது. முதல் முறைக்கு அது விதிக்கும் அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய். ஒரு வேளைத் தீனிக்குக்கூடப் போதாத அந்தத் தொகை பல பத்தாண்டுகளாக மாறாமல் இருப்பது வெட்கத்துக்குரியது.

குதிரை நம் மண்ணுக்குரியதே அல்ல, இந்த வெயிலில் அது நெடுநாள் வாழாது என்பாரும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் அரபுக் குதிரைகளை வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் அவர் அந்தச் சாவுகளுக்குச் சொல்லும் காரணம் கவனிக்கத்தக்கது: இங்குள்ளவர்களுக்குக் குதிரையைப் பேணத் தெரியவில்லை, குதிரை வைத்தியரும் லாடம் கட்டுபவரும் இல்லை, விற்க வரும் வணிகர்கள் அவர்களை இங்கே வரவிடுவதுமில்லை, குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வாங்குவார்கள். ஆக, அறிவுப் பஞ்சம்தான் அன்றைய சாவுகளுக்கு அவர் கூறும் காரணம். அந்தப் பஞ்சம் திரும்பி வருகிறது என்பதே என் கவலை. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் குதிரைகளும் மட்டக் குதிரைகளும் சுமார் 3.4 லட்சம், ஏழே ஆண்டுகளில் ஏறத்தாழ 46 சதவீதம் குறைந்துவிட்டது. ஜட்கா வண்டி போனதோடு, குளம்பைத் தொட்டதும் நோயைச் சொன்ன கைகளும் போய்க்கொண்டிருக்கின்றன. மிச்சமிருக்கும் குதிரைகள் கல்யாண ஊர்வலத்திலும் கோயில் விழாவிலும் சுற்றுலாத் தலத்திலும் நிற்கின்றன. ஊர்வலத்துக்கு விரும்பப்படும் வெள்ளைக் குதிரைகளில் பெரும்பாலானவை பிறக்கும்போது கருமையோ பழுப்போ ஆக இருந்து வெளுத்தவை. இவ்வகைக் குதிரைகளில் பதினைந்து வயதுக்கு மேல் ஐந்தில் நான்குக்கு வாலடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் கருநிறத் தோல் கட்டிகள் வருகின்றன. அவை பெரும்பாலும் மெல்ல வளர்பவை. தெரிந்தவர் கண்ணில் பட்டால் சிறிதாக இருக்கும்போதே அகற்றலாம்.

எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் ஒரு கட்டம் வரும். அதைப் பேசாமல் இந்தக் கட்டுரை முடியாது. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் எகிப்தில் தன் குதிரைகளை விற்றுவிட்டுப் போனது. 1930இல் கெய்ரோவுக்கு வந்த டோரதி புரூக் என்ற பெண்மணி, அந்தக் குதிரைகள் இருபது வயதைத் தாண்டியும் கல்லுடைக்கும் இடங்களிலும் வண்டிகளிலும் எலும்பும் தோலுமாக இழுத்துக்கொண்டிருப்பதைக் கண்டார். 1931இல் லண்டனின் 'மார்னிங் போஸ்ட்' இதழுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ ஐயாயிரம் குதிரைகளை அவர் விலைக்கு வாங்கினார். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அவர் கொடுத்தது வலியில்லாத சாவு. 1934இல் அவர் தொடங்கிய மருத்துவமனையிலிருந்து வளர்ந்த அமைப்பு இன்று இந்தியாவிலும் வேலை செய்யும் குதிரை, கழுதைகளுக்காக உழைக்கிறது. உயிரெடுப்பது பாவம் என்று கருதும் நம் மரபில் இந்தச் செயல் உறுத்தும். அந்த உறுத்தலை நான் மதிக்கிறேன். அது இருப்பதனால்தான் அவசரக் கொலைகள் குறைகின்றன. ஆனால் 400 கிலோ எடையுள்ள விலங்கு எழ முடியாமல் மணிக்கணக்கில் ஒரே பக்கமாகக் கிடந்தால், அதன் எடையே அதன் தசையையும் நுரையீரலையும் நசுக்குகிறது; படுக்கைப் புண் எலும்பு வரை போகிறது. அதை இயற்கை மரணம் என்று விட்டுவிடுவதில் நம் மனம் ஆறலாம், குதிரையின் வலி ஆறாது. குளம்பெலும்பு சாய்ந்து மருந்துக்கும் அடங்காத வலி, தீராத குடலடைப்பு, எழ முடியாமை, எதைக் கொடுத்தாலும் தின்ன மறுப்பது என்ற நிலைகளில், மருத்துவர் மயக்கமூட்டி ஊசி போடுவதே கடைசிப் பராமரிப்பு. 1960ஆம் ஆண்டுச் சட்டமும் தீராத வேதனையில் இருக்கும் விலங்குக்கு இந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறது.

அதற்கான ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும். கருணைக்கொலைக்குப் பயன்படும் பார்பிட்யூரேட் மருந்து உடலிலேயே தங்கும். அந்த உடலைத் தின்னும் நாயும் பருந்தும் பிணந்தின்னிக் கழுகும் செத்துப்போகும். வலிமருந்துகளிலும் இந்த அபாயம் உண்டு. கழுகுகளை அழித்த டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குக் கொடுப்பது 2006இலும், கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபெனாக் இரண்டும் 2023இலும் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டன. கழுகுகளுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் இருக்கிறது. முதுமலை, சீகூர் பகுதிகள் தென்னிந்தியாவில் கழுகுகள் இன்னும் கூடுகட்டும் இடங்கள். அவற்றின் அருகேயுள்ள ஊட்டியிலும் மசினகுடியிலும் குதிரை வளர்ப்பவர்கள் இந்த இரண்டு அபாயங்களையும் அறிந்திருப்பது அவசியம். உடலைத் திறந்தவெளியில் போடாமல், நீர்நிலைக்கு எட்டத்தில் ஆழக் குழி எடுத்துப் புதைக்க வேண்டும். எந்த இடம், மண் தோண்டும் இயந்திரம் எந்த வழியாக உள்ளே வரும், எந்த மருத்துவரை அழைப்பது என்பதையெல்லாம் குதிரை நல்லபடி நடமாடும்போதே முடிவு செய்து, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வைத்துவிட வேண்டும்.